மூன்றாவது கியர் நிற்க மாட்டேன் என்கிறது

பிப்ரவரி 9

மகளுக்கு,

நீ நலமா என்று கேட்டுக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிக்கப்பில் மூன்றாவது கியர் நிற்க மாட்டேன் என்கிறது. உனக்குத் தெரியாததில்லை. முன்பெல்லாம் இறக்கத்தில் மட்டும்தான் கழன்று நியூட்ரலுக்கு வந்து விழும். இப்போது சமதளத்திலேயே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், டக்கென்று துள்ளிவிடுகிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கியர் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் ராடு என்று நானே ஓட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் முடிகிறதா? போன வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஜன்னல் கண்ணாடியில் பாதி வழியிலேயே உடைந்துபோயிற்று. கியர் கழன்றதும் வண்டி பாய்ந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் சட்டத்தில் சாய்த்துக் கட்டியிருந்ததெல்லாம் ஒரே சத்தம். இறங்கிப் போய்ப் பார்க்கவே மனசு வரவில்லை.

ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று நம் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து மரக்கடைக்காரர் சொன்னார். வைத்தேன். அந்த மகராசன் ராடைப் பிடிக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு வந்தான். அனுப்பிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன் மெக்கானிக்தானே. நான் கேட்டதாகச் சொல்லாமல், யாரோ ஒருத்தர் வண்டி மாதிரி கேட்டு எழுது. இங்கே வேறு பட்டறை இல்லையா என்று கேட்பாய். வண்டியைக் காட்டப் பட்டறைக்குப் போன இடத்தில்தான் நான் பெண்ணைப் பறிகொடுத்தேன். இன்னொரு பட்டறை வாசலை மிதிக்க எனக்குத் தெம்பில்லை.

போனில் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்குத் திட்டத்தான் வரும். திட்டி முடித்த பிறகு கியரைப் பற்றிப் பேச முடியாது.

பதில் போடுவதானால் போடு.

அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றரை வருஷம் கழித்து அப்பா எழுதுகிறாரே, எவ்வளவு திட்டியிருப்பாரோ என்று பார்த்தால், கியர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கீழே பட்டறையில் இருந்த அவர், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார்.

யாரோ ஒருத்தர் வண்டி மாதிரிதான் கேட்டேன் அப்பா, சத்தியமாக. அவர் பாதியிலேயே கையமர்த்தினார். "மூணாவது கியரா? பின்னாடி கண்ணாடியா? இது உங்கப்பா வண்டி. உங்க குடும்பத்தைத் தவிர உலகத்துல யாரும் பக்கத்து சீட்டுல ஆளை உட்கார வச்சுக் கியர் பிடிக்க மாட்டாங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன மறைப்பது?

அவர் சொன்னது இதுதான். கியரை அதன் இடத்தில் இருத்தி வைக்க உள்ளே ஒரு சின்ன குண்டும் அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதோடு வேறு என்ன தேய்ந்திருக்கிறது என்று கியர் பாக்ஸைத் திறந்தால்தான் தெரியும். சாமானை எடுத்துக்கொண்டு அவரே அங்கே வருகிறேன் என்கிறார். நீங்கள் முகம் கொடுத்துப் பேசக்கூட வேண்டாமாம். வண்டி சாவியை மட்டும் கொடுத்தால் போதுமாம்.

இன்னொரு விஷயம். எனக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் ஊசி போடுகிறார். பயப்பட ஒன்றுமில்லை, படியேறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

உங்கள்
சில்லு


மார்ச் 1

மகளுக்கு,

கடிதம் வந்தது. அவன் வர வேண்டாம். என் வண்டிக்கு அடியில் அவன் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அன்றைய நாள்தான் ஞாபகம் வரும். அன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தான். நீ ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் டீ குடித்துக்கொண்டு, பெண் நாலு வேலை கற்றுக்கொள்கிறாளே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை நீ பார்க்க முடியாது.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஒரு முனையை சீட்டுக்கு அடியில் கம்பியில் கட்டினேன். மறுமுனையைக் கொக்கி மாதிரி வளைத்து, மூன்றாவது கியர் போட்டதும் ராடில் மாட்டிவிட வேண்டியது. ரப்பர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான்கு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். ஐந்தாம் நாள் மார்க்கெட் முனையில் ஒரு கிழவர் குறுக்கே வந்தார். கியரை மாற்றப் போனால் கொக்கி கழலவில்லை. வண்டி உறுமிக்கொண்டு அணைந்து நடுரோட்டில் நின்றது. பின்னால் இருந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். அந்தக் கிழவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டியூபைக் கழற்றவில்லை. கொக்கியை மட்டும் மாற்றியிருக்கிறேன். இதனால் வேறு ஏதாவது கெடுமா என்று கேட்டுச் சொல்.

மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா?

அப்பா


மார்ச் 8

அப்பாவுக்கு,

கைப்பிடி இருக்கிறது.

நான் அவ்வளவு எழுதியதற்கு உங்களிடமிருந்து வந்தது அந்த ஒரு வரி. மற்றதெல்லாம் டியூபும் கொக்கியும். தபால்காரரிடம் வாங்கும்போது கனமாக இருந்தது. சரி, அப்பா மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால் கொக்கிக்குப் படம் வேறு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். டியூபைக் கழற்றி எறியுங்கள் என்கிறார். கியர் பாக்ஸுக்குள் கியரைத் தள்ளி மாட்டுவதற்குக் கவட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, ஃபோர்க் என்று சொல்கிறார்கள். அது கியரைத் தள்ளிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியது. ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினால் அது சுழலுகிற கியரிலேயே உரசிக்கொண்டிருக்கும், தேய்ந்துபோகும். முதலில் ஸ்பிரிங் மட்டும்தான் கெட்டிருக்கும், அப்போதே மாற்றியிருந்தால் அதோடு போயிருக்கும், கையால் பிடித்துப் பிடித்துத்தான் ஃபோர்க்கைத் தேய்த்திருக்கிறார்கள் என்றார். சொன்ன பிறகுதான் பிடித்தது யார் என்று அவருக்கு உறைத்தது. பேச்சை மாற்றப் பார்த்தார். மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது.

பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து நான் பிடித்தது அப்பா. கண்ணாடி உடையாமல் காப்பாற்றுகிறேன் என்று எவ்வளவு பெருமையாக இருந்தேன். மழையில், வெயிலில், கை மரத்துப்போனாலும் விடமாட்டேன். அதுதான் வண்டியைக் கெடுத்ததாம்.

நீங்கள் அதை ஏன் சரிசெய்யாமலே வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சரிசெய்தால் நான் கடையிலேயே உட்கார்ந்துவிடுவேன், நீங்கள் தனியாக ஓட்ட வேண்டும். அம்மா போன பிறகு உங்களுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால், நான் சொல்லிக்கொண்டு கல்யாணம் செய்திருப்பேன். நீங்களும் "போனா போனதுதான்" என்று சொல்லாமல் இருந்திருப்பீர்கள்.

இனிமேல் கியரைப் பற்றி மட்டும் எழுதுவதானால் எழுதாதீர்கள். எனக்கு முடியவில்லை.

சில்லு


மார்ச் 20

சில்லுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

கை மரத்துப்போகிறது என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் வருகிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு கடைக்கு லீவு. வண்டியைக் கொண்டுவருகிறேன், உன் வீட்டுக்காரர் பார்க்கட்டும். கியர் பாக்ஸைத் திறந்து என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். அதுவரைக்கும் நான் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ சும்மா இரு, எனக்காக எதுவும் சமைத்துக்கொண்டு நிற்காதே.

மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடு. உன் அம்மாவுக்கும் உன்னைச் சுமந்தபோது ரத்தம் குறைவாகத்தான் இருந்தது.

அப்பா


மார்ச் 25

என் அப்பாவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கீழ் வீட்டு அக்காவுக்கு உங்களைப் பற்றி இப்போது என்னைவிட அதிகம் தெரியும். என் வீட்டுக்காரர் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, உங்கள் வண்டிக்கு இடம் ஒதுக்கி, சுவரில் இருந்த நடிகை படத்தைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டார். புது ஸ்பிரிங்கும் ஃபோர்க்கும் வாங்கி வைத்திருக்கிறார். உங்களிடம் என்ன பேச வேண்டும் என்று என்னிடம் பாடம் கேட்கிறார். "மாமான்னு கூப்பிடலாமா, சார்னு கூப்பிடணுமா?" என்று. கூப்பிட்டுப் பாருங்கள், ஸ்பானர் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரியும் என்றேன்.

ஒன்றே ஒன்றுதான் பயம். நடுவில் மலைப்பாதை இருக்கிறது. அந்த கியரை வைத்துக்கொண்டு அந்த ஏற்ற இறக்கத்தில் தனியாக வேண்டாம் அப்பா. பஸ்ஸில் வாருங்கள். வண்டியை அவர் வேறொரு நாள் வந்து ஓட்டிக்கொண்டு வருவார். அவருக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது. உதைக்கிறது. உங்களைப் போல மூக்குக்கு மேல் கோபம்.

சில்லு


மார்ச் 29

சில்லுக்கு,

வண்டியில்தான் வருவேன். பஸ்ஸில் வந்து இறங்கினால், வீம்பை விட்டுவிட்டு மகளைப் பார்க்க ஓடி வந்தான் என்று ஆகும். வண்டியில் வந்தால், வண்டியைக் காட்ட வந்தேன். எனக்கு அந்த அளவாவது இருக்கட்டும். வந்து உட்கார்ந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும். முதல் அரை மணி நேரத்துக்குத்தான் எனக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும்.

மதியத்துக்குள் வந்துவிடுவேன். மலைப்பாதையில் இரண்டாவது கியரிலேயே வருகிறேன், போதுமா? கவலைப்படாதே.

அப்பா


மே 11

சில்லுக்கு,

எழுத வேண்டும் என்று உட்காருவேன். கடைக்கு யாராவது வருவார்கள். எழுந்துவிடுவேன். இன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கடை வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்து, "பார்த்து ஓட்டுங்க மாமா" என்றார். ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். இளைத்துவிட்டார்.

மூன்றாவது கியர் இப்போது காலால் தள்ளினாலும் நகராது. பள்ளிக்கூடத்துக்கு மறுபடி கண்ணாடி கொண்டுபோனேன். ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு யார் எவ்வளவு சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் வாயாலும் நீ கேட்க வேண்டும்.

ஏற்றத்தில் நன்றாகத்தான் வந்தேன். உச்சியைத் தாண்டியதும் பாதை கொஞ்ச தூரம் சமமாக இருக்கிறதே, அங்கே இரண்டாவதில் இழுத்துக்கொண்டு வந்தவன், நேரமாகிறதே என்று மூன்றாவதைப் போட்டேன். ராடு பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். போனில் சிக்னல் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போன லாரிக்காரர்களிடம் கேட்டேன், யாராலும் முடியவில்லை. ஒருத்தர், கூட வாருங்கள், ஊரில் இறக்கிவிடுகிறேன் என்றார். வண்டியை விட்டு வர மனசில்லை. அவரோடு ஏறி வந்திருந்தால் மதியத்துக்கே உன் வீட்டில் இருந்திருப்பேன்.

பிறகு மாப்பிள்ளை பைக்கில் வந்தார். நான் வராததைப் பார்த்து, அந்த கியர் பாக்ஸ் மலையைத் தாண்டியிருக்காது என்று நீயே அனுப்பினாயாமே. வந்ததுமே கேபினுக்குள் ஏறி, ராடை அடியோடு கழற்றி, அந்த ஓட்டைக்குள் திருப்புளியை விட்டு நெம்பினார். இண்டு இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, யாரு இதை இப்படிப் போட்டு அமுக்கினது?" என்றார். "உன் பொண்டாட்டிதான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஒன்றரை வருஷமாக இந்தப் பையனையா வெறுத்தோம் என்று இருந்தது. பைக்கைப் பின்னால் ஏற்றிக் கட்டி, இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. நான் சந்தோஷமாக இருந்தேன், சில்லு. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நீ மாடியில் தனியாக வலியில் கத்திக்கொண்டிருந்த நேரம் அது.

உன் தெருவில் திரும்பியதும், வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

நான் பஸ்ஸில் வந்திருந்தால் மாப்பிள்ளை உன் பக்கத்தில் இருந்திருப்பார். நீ சொல்ல வேண்டாம். நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். வாசலோடு திரும்பினேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

நான் வரட்டுமா? இதைக் கேட்கத்தான் எழுதினேன்.

அப்பா


மே 20

அப்பாவுக்கு,

நீங்கள் போனது தப்புதான். நான் திரும்பிக்கொண்டது கோபத்தில். ஆனால் உங்கள் மேல் கோபப்பட்டால் நீங்கள் பக்கத்தில் நின்று வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாசலில் யாரும் இல்லை.

கீழ் வீட்டு அக்காதான் என் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். வண்டி பிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். சில நாள் அதை நம்புகிறேன். நம்ப முடியாத நாட்களில் இவரோடும் பேசுவதில்லை. அவரைப் போகச் சொன்னதே நான்தான். அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சிரித்ததை அவரும் என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் இருவருக்கும் மனசிலிருந்து பாரம் இறங்கிவிட்டது, எனக்கு ஏறிவிட்டது. அவர் இப்போது கியர் பாக்ஸ் வேலை எடுப்பதில்லை. டயர், பிரேக் என்று வந்தால் பார்க்கிறார். கியர் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறையைக் கைகாட்டி அனுப்பிவிடுகிறார்.

இப்போது வராதீர்கள் அப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். நானே எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் குழந்தையைப் பார்க்கவில்லை. மயக்கம் தெளிவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். பெண் என்று மட்டும்தான் தெரியும். எப்படி இருந்தாள் என்று கேட்டால் இவர் எழுந்து கீழே போய்விடுகிறார். நீங்கள் அங்கே இருந்தீர்களே, பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்.

சில்லு


மே 27

சில்லுக்கு,

பார்த்தேன். மாப்பிள்ளைதான் துணியை விலக்கிக் காட்டினார்.

மாநிறம். தலை நிறைய முடி, நெற்றி வரைக்கும். கை விரல்கள் நீளம். இடது காது மட்டும் மேலே லேசாக மடங்கியிருந்தது. நீ பிறந்தபோது உனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பதறிப்போனேன், உன் அம்மாதான் சிரித்துக்கொண்டே, "போகப் போக நிமிர்ந்துடும்" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நானும் அதையேதான் நினைத்தேன் சில்லு, போகப் போக நிமிர்ந்துவிடும் என்று.

அப்பா